ஊருக்கு முன் முளைத்த சாமை

கண்ணு,

போன அமாவாசைக்கு மறுநாள் நீ மலையிலிருந்து இறங்கி வந்து, ஒரு பகல் நம் வீட்டில் தங்கி, விதைச் சாமையை மூட்டை கட்டிக்கொண்டு திரும்பிப் போனாய். புறப்படும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே உன் அம்மாவிடம் ஒரு சங்கதி சொன்னாய். "விதை போடறதுக்கு ஊர்ப் பெரியவர்கிட்டக் கேட்டுட்டனுங்கம்மா. அவுங்க ஊட்டு வாசல்ல நின்னுட்டு இருந்தாரு. 'ஆகட்டுங்க வாத்தியாரே, போடுங்க'ன்னுட்டாரு. அப்பா பயப்படற மாதிரி ஒண்ணுமில்லீங்க." நான் உள்ளே நாற்காலியில் இருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. அப்போதே எழுந்து வந்து உன்னை நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு விஷயத்தை இரண்டு பேரிடம் விசாரிக்காமல் வாய் திறக்காத பழக்கம் எனக்கு. இத்தனை வருஷம் சேலத்துப் பத்திரிகைக்குச் செய்தி எழுதிய பழக்கம் அது. "உங்கப்பா மழை பேஞ்சாக்கூட ரெண்டு பேரைக் கேட்டுட்டுத்தான் குடை எடுப்பாரு" என்று உன் அம்மா சொல்வாளே, அதேதான். இப்போது விசாரித்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

இதை இரண்டு பிரதியாக எழுதுகிறேன். ஒன்று உன் கைக்கு. இன்னொன்று பத்திரிகைக்கு. உன் பெயரும் அந்த ஊரின் பெயரும் அதில் இராது. வீட்டு விஷயத்தை ஊர் படிக்கும்படி செய்துவிட்டாரே என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். புதிய பாடத்திட்டத்தை எழுதியவர்களும், பிள்ளைகளை நம்பிப் பள்ளிக்கு அனுப்பியவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்தத் திட்டத்தைப் பற்றி. நீ ஆறாம் பாரம் எழுதிய காலத்தில் இங்கிலீஷ், தமிழ், கணக்கு, சயின்ஸ், சரித்திரம் பாஸானால் சர்ட்டிபிகேட் கைக்கு வந்துவிடும். யுத்தம் முடிந்தபின் வந்த ஏற்பாட்டில் எழுத்துப் பரீட்சை மட்டும் போதாது. ஒவ்வொரு பையனும் ஏதாவது ஒரு தொழிலைத் தன் கையால் செய்து காட்ட வேண்டும். அதை இன்ஸ்பெக்டர் நேரில் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மற்றப் பாடங்களில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் ஹைஸ்கூல் முடித்ததாகக் கணக்கில்லை. நம் அடிவாரத்து ஹைஸ்கூல் விவசாயத்தை எடுத்துக்கொண்டது. கீழே இருக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளித் தோட்டம். மலையிலிருந்து வந்து படிக்கும் பிள்ளைகள் அவரவர் வீட்டு நிலத்தில் பயிர் வைக்கலாம், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு வாத்தியார் மேலே போய்த் தங்குவார் என்று முடிவு செய்தார்கள். அந்த வாத்தியார் நீ. திட்டம் கெட்டதென்று நான் சொல்ல மாட்டேன். மண்ணைத் தொடாமல் விவசாயத்தைப் படித்துப் பாஸ் செய்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதில் ஒரு தேதி இருக்கிறது. பள்ளி திறந்து இன்ஸ்பெக்டர் முதல் தடவை வரும்போது பயிர் முளைத்து நிற்க வேண்டும். அந்தத் தேதியை வைத்தவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். அந்தத் தேதிக்கு விதைக்க வேண்டிய நிலம் கொல்லிமலையில் இருக்கிறது.

உன்னிடம் இருக்கும் மலைப் பிள்ளைகளில் இந்த வருஷம் ஆறாம் பாரம் எழுதப்போகிறவன் நல்லான் ஒருவன்தான். அவன் ஊரில் இவ்வளவு தூரம் படித்தவர் அவனுக்கு முன் யாருமில்லை. முள்ளுக்குறிச்சிச் சந்தைக்கு அப்பனோடு இறங்கும்போதெல்லாம் நம் வீட்டுக்கு வருவான். உன் அம்மா சோறு போடுவாள். ஒரு தடவை, படித்து முடித்து என்னப்பா செய்யப்போகிறாய் என்று கேட்டேன். "டிரெய்னிங் முடிச்சுட்டு எங்கூருக்கே வாத்தியாராப் போவனுங்க. கீழ இருந்து வர்றவங்க காய்ச்சல் வந்து ஓடிப்போயிடறாங்க. நான் எங்க ஓடறதுங்க, எனக்கு ஊடே அங்கதானுங்க" என்றான். உன் அம்மா சிரித்துவிட்டு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். சர்ட்டிபிகேட் இல்லாமல் டிரெய்னிங்கில் சேர முடியாது. பயிர் முளைக்காமல் சர்ட்டிபிகேட் இல்லை. நீ அவசரப்பட்டதன் காரணம் எனக்குப் புரிகிறது. அவனுக்காகத்தான் செய்தாய். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

நல்லானின் ஊர் இருக்கும் நாட்டில் (மலையில் சில ஊர்கள் சேர்ந்த பகுதியை நாடு என்கிறார்கள்) ஊர்ச் சாமியின் விதை மண்ணில் விழுவதற்கு முன் யாரும் விதைப்பதில்லை. இது உனக்குத் தெரியும். பூ வைத்துக் கேட்கிறார்கள். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் இலையில் தனித்தனியே மடித்து வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்கிறார்கள். வெள்ளை வந்தால் பூசாரி கோயில் நிலத்தில் ஒரு கை சாமை வீசுவார். மறுநாள் ஊர் முழுக்க விதைப்பு. சிவப்பு வந்தால் காத்திருந்து மறுபடி கேட்க வேண்டும். எல்லாரும் ஒரே சமயத்தில் விதைத்தால் எல்லாப் பயிரும் ஒரே சமயத்தில் கதிர் பிடிக்கும். கிளிக்கும் பன்றிக்கும் ஊரே சேர்ந்து காவல் இருக்கலாம். இந்தக் காரணத்தை அவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் அவர்கள் அதற்குக் கட்டுப்படுவது காரணத்துக்காக அல்ல. சாமிக்கு முன்னால் மண்ணைத் தொட்டால் மழை போய்விடும் என்ற பயத்தால். பயம் சரியா தப்பா என்று நான் இங்கே எழுத வரவில்லை. அது இருக்கிறது என்று மட்டும் எழுதுகிறேன்.

உனக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அந்த மலையில் வாசலில் நின்று சொல்வது மரியாதைக்குச் சொல்வது. கீழேயிருந்து, அதிலும் ஆபீஸ் சம்பந்தமாக, ஒருவர் வந்து கேட்டால் நின்றபடி யாரும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள். வரி கேட்டு வந்தவருக்கும் ஆகட்டுங்க, மரம் கேட்டு வந்தவருக்கும் ஆகட்டுங்க. அதை ஏமாற்று என்று நினைக்காதே. ஊர் ஒரு காரியத்துக்குச் சம்மதித்தது என்றால், கூட்டத்தில் எல்லாரும் தரையில் உட்கார்ந்து, பெரியவரும் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொன்னதிலிருந்து பிறகு யாரும் பின்வாங்க முடியாது. நீ வாசலில் கேட்டாய். அவர் வாசலில் பதில் சொன்னார். அவருடைய கணக்கில் நீ இன்னும் அவரைக் கேட்கவே இல்லை.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். நீ மூன்றாம் பாரம் படித்த வருஷம், மலையில் வேறொரு நாட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அந்த ஊரின் பெயரை எழுதவில்லை, அதில் இருந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அங்கேயும் அப்போது தோட்ட வேலைக்கு மார்க் என்று ஓர் ஏற்பாடு வந்தது. வாத்தியார் நல்லவர், உன்னைப்போலவே சுறுசுறுப்பானவர். வெள்ளையன் என்று ஒரு பையனை அவனுடைய அப்பன் நிலத்திலேயே விதைக்கச் சொன்னார். ஊர் இன்னும் விதைக்கவில்லை. ஊர்ப் பெரியவரைக் கேட்டுவிட்டுத்தான் செய்தார். எங்கே கேட்டார் என்று நான் பிற்பாடு விசாரித்தேன். பாதையில், எதிரெதிரே நின்றுகொண்டு.

முளை நன்றாக வந்தது. அந்த மண்ணுக்கு அவ்வளவு நேர்த்தியான முளையை நான் பார்த்ததில்லை. மலைப் பள்ளியின் தோட்டப் பயிர் என்று செய்தி எழுதத்தான் நான் மேலே போனேன். நான் போன சமயம் வானம் வெளுத்துக் கிடந்தது. கோயிலில் பூ சிவப்பாகவே வந்துகொண்டிருந்தது. ஊரில் ஒருவரும் அந்தப் பயிரைப் பற்றிப் பேசவில்லை. நான் கேட்டபோதும் வேறு பேச்சுக்குப் போனார்கள். அந்த நிலத்தைத் தாண்டிப் போக வேண்டியவர்கள் மேட்டில் ஏறிச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு கிழவியைச் சும்மா கேட்டேன், ஏன் இப்படிச் சுற்றிப் போகிறீர்கள் என்று. "அந்தப் பக்கம் முள்ளுங்க சாமி" என்றாள். அங்கே முள் இல்லை. நான் நடந்து பார்த்தேன்.

பிறகு ஊர்க்கூட்டம் வைத்தார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை, போகச் சொல்லவும் இல்லை. ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். அங்கே ஒருவரும் சத்தம் போடவில்லை. சண்டை நடந்திருந்தால் எனக்கு இவ்வளவு நினைவிருக்காது. ஊர்ப் பெரியவர் வெள்ளையனின் அப்பனைப் பார்த்துச் சாதாரணமாகத்தான் கேட்டார். "மழை போனதுக்கு யாரையும் காரணம்னு நாங்க சொல்லலை. முதல் விதை யார் போட்டதுன்னு மட்டும் கேக்கறோம்."

"எம் பையன் போட்டானுங்க. வாத்தியார் சொல்லித்தான் போட்டானுங்க."

"வாத்தியார் இங்க உக்காந்திருக்காராப்பா?"

வாத்தியார் அங்கே இல்லை. பள்ளிக்கூடத்தில் இருந்தார், கூப்பிடு தூரம்தான். அந்தக் கேள்வியோடு விசாரணை முடிந்தது. அந்த வீட்டுக்கு நெருப்பு, தண்ணீர், ஆள் உதவி எதுவும் இல்லை என்று முடிவு செய்தார்கள். எவ்வளவு காலம் என்று சொல்லவில்லை. சொல்லாவிட்டால் அடுத்து நல்ல மழை பெய்கிற வரை என்று அர்த்தம். அந்த வருஷம் நல்ல மழை பெய்யவில்லை. காட்டுப்பன்றி வந்து அந்தப் பயிரை உழுதது. விரட்ட ஒருவரும் வரவில்லை. இன்ஸ்பெக்டர் அதற்கு முன்பே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். அறுவடை மாதத்தில் அந்தக் குடும்பம் மலையை விட்டு இறங்கியது. அடிவாரத்தில் கூலிக்கு நின்றார்கள். மலை உச்சியில் பிறந்தவர்களுக்கு அடிவாரத்துக் காய்ச்சல் எப்படி என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளையன் அதில் போய்விட்டான். தோட்ட வேலையில் அவனுக்குத்தான் முதல் மார்க் என்று பிறகு தெரிந்தது. நான் பார்த்ததையெல்லாம் எழுதி அனுப்பினேன். மலைப் பையனுக்கு முதல் மார்க் என்று நான்கு வரி வந்தது. மீதிக்கு இடமில்லை என்றார்கள்.

அந்த வாத்தியாரைப் பல வருஷம் கழித்து ராசிபுரத்தில், யுத்த காலத்தில் கரிப்புகையில் ஓட்டினார்களே, அந்தக் கரி பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்தில் பார்த்தேன். என்னை அடையாளம் கண்டுகொண்டு அவரே பேச்சை ஆரம்பித்தார். பையனைப் பற்றிக் கேட்கவில்லை. அவன் முடிவு அவருக்குத் தெரிந்திருந்தது. "கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடவே இல்லீங்களே" என்றார். பஸ் வரும் வரை அதையே மூன்று விதமாகச் சொன்னார்.

அவரைக் கூப்பிடாதது அவர்மேல் இருந்த கோபத்தால் அல்ல. அவரைத் தண்டிக்க அவர்களுக்கு வழியில்லை. சர்க்கார் ஆளைக் கூட்டத்தில் நிறுத்தினால் மறுநாள் போலீஸ் ஏறி வரும் என்று பயம். அதனால் எட்டக்கூடிய ஆளைக் கூப்பிடுகிறார்கள். ஆனால் கூப்பிடாத ஆள் தானாக வந்து தரையில் உட்கார்ந்தால், எழுந்து போ என்று சொல்ல அவர்களுடைய வழக்கத்தில் இடமில்லை. நான் அன்று உட்கார்ந்திருந்தேனே, அதுவே சாட்சி. உட்கார்ந்தவர் சொல்வதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். விதை என் கை போட்டது என்று அவர் உட்கார்ந்து சொல்லியிருந்தால் தீர்ப்பு அவர்மேல் போயிருக்கும். வெளியாள்மேல் போகிற தீர்ப்பு ஒன்றே ஒன்றுதான், மலையை விட்டு இறங்கு என்பது. அவர் எப்படியும் அந்த வருஷமே இறங்கிவிட்டார். மாற்றல் வாங்கிக்கொண்டு.

நீ போனபின் நான் செய்ததைச் சொல்கிறேன். வண்டி பிடித்துப் போய் உன் ஹெட்மாஸ்டரைப் பார்த்தேன். நல்ல மனிதர், காபி வரவழைத்தார். மலைப் பிள்ளைகளுக்கு மட்டும் அந்தத் தேதியைத் தள்ளிவைக்கக் கூடாதா, ஊர் விதைத்தபின் இன்ஸ்பெக்டர் ஏறினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். "தேதி மெட்ராஸ்ல இருந்து வந்ததுங்க. நான் ஒரு பையனுக்காக எழுதினா, இந்தப் பள்ளிக்கூடத்துக்கு இந்தப் பாடமே வேண்டாம்னு எடுத்துடுவாங்க. அப்புறம் ஒருத்தனுக்கும் சர்ட்டிபிகேட் இல்லீங்க" என்றார். அவர் சொன்னதிலும் பொய் இல்லை. யாரைக் கேட்டாலும் அவரவர் இடத்திலிருந்து சரியாகத்தான் சொல்கிறார்கள். அப்படியே ஒரு குடும்பம் அழிந்துபோகிறது. இந்தத் தொழிலில் நான் அதிகம் பார்த்தது இதைத்தான்.

இன்று காலை வரை எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. நீ விதையை எடுத்துப் போனாயே தவிர இன்னும் போட்டிருக்க மாட்டாய், எழுதினால் நிறுத்திவிடலாம் என்று இருந்தேன். சந்தைக்கு மிளகு கொண்டுவந்த ஒருவர், நல்லானின் ஊர்க்காரர், உப்பு வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் நம் வாசலுக்கு வந்தார். உன்னைப் பற்றிக் கேட்டேன். வாத்தியார் சௌக்கியம் என்றார். மழை எப்படி என்று கேட்டேன். "சித்திரையில ஒரு நாள் பேஞ்சதுங்க. அப்புறம் இல்லீங்க. பூ ரெண்டு தடவை கேட்டாச்சுங்க, செவப்பாவே வருது." பிறகு மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நல்லான் அப்பன் நெலத்துல மட்டும் பச்சை தெரியுதுங்க. எங்கூட்டு மேட்டுல நின்னாலே தெரியுது."

நீ விதைத்துவிட்டாய்.

ஊரில் ஏதாவது பேச்சு உண்டா என்று கேட்டேன். ஒன்றுமில்லைங்க என்றார். அந்த நிலத்து வழியாகத்தானே நீங்கள் இறங்கி வந்தீர்கள் என்றேன். "இல்லீங்க, சுத்தித்தான் வந்தனுங்க. அந்தப் பக்கம் வழி சரியில்லீங்க." எனக்கு அந்தக் கிழவியின் முள் நினைவுக்கு வந்தது. மேற்கொண்டு கேட்டபோது, வருகிற பௌர்ணமியன்று ஊர்க்கூட்டம் என்றும், நல்லானின் அப்பனை வரச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். வாத்தியாரையும் கூப்பிட்டிருக்கிறார்களா என்று கேட்டேன். "அவுங்களை எதுக்குங்க" என்றார். யுத்தம் முடிந்தும் ரேஷன் தானியம் மேலே ஒழுங்காகப் போய்ச் சேருவதில்லை என்று நீயே சொன்னாய். வீட்டில் விதைக்கு வைத்த சாமையைத் தவிர வேறு இல்லாதவர்கள் அந்தக் கூட்டத்தில் உட்காரப்போகிறார்கள். வெள்ளையன் ஊரில்கூட அந்த வருஷம் அவ்வளவு பசி இல்லை.

ஆகவே நான் சொல்வதைக் கேள். பௌர்ணமியன்று உன்னைக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காதே. கூட்டம் ஆரம்பிக்கும் முன்பே போய், நல்லானின் அப்பன் பக்கத்தில் தரையில் உட்கார். செருப்பை வெளியே விட்டுவிடு. யாராவது பலகை போட்டாலும் அதில் உட்காராதே. பாடத்திட்டத்தைப் பற்றிப் பேசாதே, சென்னையைப் பற்றியும் பேசாதே. பெரியவர் வாசலில் ஆகட்டும் என்று சொன்னதை மட்டும் வாய் தவறியும் எடுக்காதே. அவரைப் பொய்யராக்கினால் அந்தக் கோபமும் அந்தக் குடும்பத்தின்மேல்தான் இறங்கும். முதல் விதை யார் போட்டது என்று கேட்பார்கள். நான் போட்டேன், எனக்குத் தெரியவில்லை, மன்னிக்க வேண்டும் என்று சொல். நல்லான் கையும் உன் கையும் சேர்ந்து போட்டிருந்தாலும் உன் கை என்றே சொல். முளையை அழிக்கச் சொன்னால் நீயே இறங்கி அழி, நல்லானைத் தொடவிடாதே. மலையை விட்டுப் போகச் சொன்னால் அன்றைக்கே இறங்கி வா.

இதனால் என்னென்ன போகும் என்று நானும் எண்ணிப் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் வரும்போது அந்த நிலத்தில் பயிர் இராது. நல்லானுக்கு இந்த வருஷம் சர்ட்டிபிகேட் கிடையாது. அவன் அழுவான், உன்மேல் வெறுப்புக்கூட வரலாம். அடுத்த வருஷம் எழுதலாம் என்று அவனிடம் சொல், ஊர் அவனோடு இருந்தால் அடுத்த வருஷம் என்று ஒன்று இருக்கும். உன் வேலைக்கும் ஆபத்துதான். ஆவணியில் வைத்திருக்கும் உன் கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் கையைப் பிசைவார்கள். அவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன். உன் அம்மாவுக்கு இதையெல்லாம் படித்துக் காட்டினேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "அவன் உக்காருவானாங்க?" உட்காருவான் என்று சொல்லியிருக்கிறேன்.

நானே ஏறி வந்திருப்பேன். என் முழங்கால் இப்போது நம் வீட்டுப் படிக்கே என்னைத் தாங்குவதில்லை. மலைக்குத் தபால் எப்போது போகும் என்று ஆள் விட்டுப் போஸ்ட் ஆபீசில் கேட்டேன். பௌர்ணமிக்கு முன் இல்லை என்கிறார்கள். கீழே இருந்து மேலே ஏற, வழியிலுள்ள காட்டுக் காய்ச்சலுக்குப் பயந்து யாரும் ஒப்பவில்லை. ஆகவே இதை மிளகுக்காரர் கையிலேயே கொடுக்கிறேன். நான் எழுதி முடிக்கும் வரை வாசலில் காத்திருக்கிறார். உள்ளே வந்து உட்காருங்கள் என்று நான் ஒருமுறையும் உன் அம்மா ஒருமுறையும் சொல்லிவிட்டோம். மோர் கொடுத்தாள், வாங்கிக் குடித்தார். பாய் போட்டாள். "இருக்கட்டுங்க, இருட்டறதுக்குள்ள ஏறணுங்க" என்றார். இந்தக் காகிதத்தை இன்றைக்கே வாத்தியார் கையில் சேர்த்துவிடுவீர்களா என்று கேட்டேன்.

"ஆகட்டுங்க" என்றார். நின்றுகொண்டுதான் சொன்னார்.

உன் அப்பா